பாடுபவர் கருவியும் இசைக்கலாமா? கச்சேரி மேடை குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

பாடகர் ஒருவர் மேடையில் அமர்ந்து பாடும்போது அவர் கையில் என்ன இருக்க வேண்டும்? ஒன்றும் வேண்டியதில்லை, தாளம் போட ஒரு கை இருந்தால் போதும் என்பார் கர்நாடக இசை ரசிகர். வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவரோ, வீசுகோல் இல்லாமல் எப்படிப் பாட முடியும் என்று திருப்பிக் கேட்பார். திரையிசை நிகழ்ச்சிகளைப் பார்க்கும் இளைஞருக்கு ஆர்மோனியத்தோடு இளையராஜாவும் கீபோர்டோடு ஏ.ஆர். ரகுமானும் நினைவுக்கு வருவார்கள்.

மூவர் சொல்வதும் அவரவர் இசைக்குச் சரியே. ஆனால் ஒரு மேடையின் வழக்கத்தை எல்லா மேடைக்கும் சட்டமாக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. பாடகர் கருவி இசைப்பதால் இசைக்கு என்ன கிடைக்கிறது, என்ன போகிறது என்பதை நம் மரபிலிருந்தே எடுத்துக்காட்டுகளைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

எனக்கு இந்தக் கேள்வி எழுந்த விதம்

நான் இசை ஆசிரியன் அல்லன். பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். கலைவிழாப் போட்டிகளுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பு பல ஆண்டுகள் என்னிடம் இருந்தது. ஒருமுறை வீணை பயின்ற ஒரு மாணவியை வாய்ப்பாட்டுப் போட்டிக்கு அழைத்துச் சென்றேன். வீட்டில் வீணையை மடியில் வைத்து, மீட்டிக்கொண்டே பாடிப் பழகிய பிள்ளை அவள். மேடை ஏறியதும், "இது வாய்ப்பாட்டுப் பிரிவு. கருவியைக் கீழே வைத்துவிட்டுப் பாடு" என்றார்கள். வைத்துவிட்டுப் பாடினாள். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறினாள். சுருதியும் ஓரிடத்தில் விலகியது. பரிசு கிடைக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து அதே பெண் ஒரு கோயில் விழாவில் பாட அழைக்கப்பட்டாள். வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் ஆள் வேண்டும் என்று கேட்டபோது, விழாக்குழுவினர், "உனக்குத்தான் வீணை தெரியுமே அம்மா, நீயே வாசித்துக்கொண்டு பாடிவிடேன். எதற்கு வீண் செலவு?" என்றார்களாம். என்னிடம் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் கருவி கூடாது என்றார்கள். பிறகு கருவியும் வேண்டும் என்றார்கள். இரண்டு இடத்திலும் இசைக்கு எது நல்லது என்று யாரும் கேட்கவில்லை. ஓரிடத்தில் விதிமுறை பேசியது, மற்றோரிடத்தில் பணம் பேசியது.

பழந்தமிழ் மரபு சொல்வது என்ன?

பாடலும் கருவியும் ஒருவரிடமே இருந்த காலம் நமக்கு உண்டு. பாணர் என்னும் பெயரே பண்ணோடு தொடர்புடையது. அவர்கள் யாழைச் சுமந்து ஊர் ஊராகச் சென்று பாடிப் பரிசில் பெற்றவர்கள். பத்துப்பாட்டில் சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை என்று இரு நூல்களே அவர்கள் பெயரால் வழங்குகின்றன. சிறுபாணர் சீறியாழையும் பெரும்பாணர் பேரியாழையும் இசைத்தனர். வழிநடைக் கலைஞனுக்குத் தன் கருவியே துணை.

சிலப்பதிகாரம் இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகளை வைத்திருக்கிறது. அரங்கேற்றுகாதையில் மாதவியின் ஆடல் அரங்கேறுகிறது. அங்கே ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் எனத் தனித்தனியே வல்லுநர்கள் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் உரிய தகுதிகளை இளங்கோவடிகள் தனித்தனியே விரிக்கிறார். பாடுபவர் ஒருவர், யாழ் இசைப்பவர் வேறொருவர். இது அரசவை காணும் பெரிய அரங்கு.

கானல்வரியில் நிலைமை வேறு. புகார்க் கடற்கரையில் கோவலனும் மாதவியும் இருக்கிறார்கள். கோவலன் யாழை வாங்கி, இசைத்தபடியே பாடுகிறான். அந்தப் பாட்டில் வேறொருத்தி இருப்பதாக எண்ணிய மாதவி, யாழைத் தான் வாங்கி, தானும் வேறொரு குறிப்புடையவள் போலப் பாடுகிறாள். இருவரும் பிரிகிறார்கள். காப்பியத்தின் திருப்பமே இங்குதான் நிகழ்கிறது. அந்த இடத்தில் யாழாசிரியன் ஒருவன் பக்கத்தில் அமர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உள்ளத்தில் இருப்பதை ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லும் இடத்தில் யாழும் குரலும் ஒருவரிடமே இருப்பதுதான் இயல்பு.

ஆக, நெருக்கமான இடத்தில் பாடுபவரே இசைப்பதும், பெரிய அரங்கில் பணி பிரிந்து கிடப்பதும் ஒரே நூலில் அருகருகே காணப்படுகின்றன. இது எது உயர்ந்தது என்னும் போட்டி அன்று. இடம் மாறினால் முறை மாறுகிறது.

மூன்றாவதாகப் பெரியபுராணத்தின் யாழ்மூரி நிகழ்ச்சியையும் சேர்த்துக்கொள்ளலாம். திருஞானசம்பந்தர் பாட, திருநீலகண்ட யாழ்ப்பாணர் அதை யாழில் இசைத்து உடன் வந்தார். தருமபுரத்தில் யாழில் அடங்காத ஒரு பதிகத்தைச் சம்பந்தர் பாடினார். யாழ்ப்பாணர் மனம் வருந்தி யாழை உடைக்க முனைய, சம்பந்தர் தடுத்து, இயன்ற அளவு இசைக்குமாறு பணித்தார் என்பது வரலாறு. பக்திச் செய்தி ஒருபுறம் இருக்க, இதில் இசைச் செய்தி ஒன்றும் உண்டு. குரல் போகும் இடமெல்லாம் கருவி போக முடியாது. சம்பந்தரே யாழை மீட்டிக்கொண்டு பாடுபவராக இருந்திருந்தால், தம் யாழில் அடங்கும் பாட்டை மட்டுமே பாடியிருக்கக்கூடும்.

தம்புரா: கையில் இருக்க வேண்டிய கருவியா?

கருவிகள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பேசுவதால்தான் இந்த விவாதம் குழம்புகிறது. சுருதிக் கருவி, பண்ணிசைக் கருவி, தாளக் கருவி என்று மூன்றாகப் பிரித்துக்கொள்வோம்.

முதலில் சுருதிக் கருவி. தம்புராவுக்கு நான்கு தந்திகள். பஞ்சமம், இரண்டு சாரணைகள், மந்தர சட்ஜம் என்ற வரிசையில் மெல்ல மீட்டப்படும். குதிரையின் மேல் தந்திக்கு அடியில் வைக்கும் சிறு நூலுக்கு ஜீவா என்று பெயர். அந்த நூல் சரியான இடத்தில் அமர்ந்தால்தான் ரீங்காரம் பிறக்கும். தம்புராவை மீட்டுவது பாட்டின் தாளத்தைச் சார்ந்தது அன்று. தாளத்துக்கு ஏற்ப மீட்டினால் பிழை.

சிக்கல் இங்கேதான் உள்ளது. கர்நாடக இசைப் பாடகரின் கை வெறும் கை அன்று. ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களையும் தட்டியும் விரல் எண்ணியும் வீசியும் காட்டுவது அந்தக் கை. மிருதங்கக்காரரும் வயலின்காரரும் அதைப் பார்த்துத்தான் எடுப்பையும் அறுதியையும் அமைத்துக்கொள்கிறார்கள். ரசிகர்களும் அதோடு சேர்ந்து தொடையில் தட்டுகிறார்கள். ஒரு கை தாளக் கணக்கிலும் மறு கை தாளம் சாராத மீட்டலிலும் இருக்க, குரல் கற்பனைச் சுரம் பாடுவது எளிதன்று. அதனால்தான் மேடையில் தம்புரா பாடகருக்குப் பின்னால், பெரும்பாலும் மாணவர் ஒருவர் கைக்குப் போனது. இது நியாயமான ஏற்பாடு. குருவின் முதுகுக்குப் பின்னால் மூன்று மணி நேரம் சுருதியோடு அமர்ந்திருப்பதைவிடச் சிறந்த இசைப் பள்ளி வேறு உண்டா?

இன்று பல மேடைகளில் அந்த மாணவரும் இல்லை, தம்புராவும் இல்லை. மின்னணுச் சுருதிப் பெட்டியோ கைப்பேசிச் செயலியோ அந்த வேலையைச் செய்கிறது. வசதியை நான் குறை சொல்லவில்லை. பேருந்தில் தம்புராவைத் தூக்கிச் செல்வது எவ்வளவு கடினம் என்று அறிவேன். ஆனால் தம்புராவைச் சுருதி சேர்க்கத் தெரியாத பாடகர்கள் உருவாவது பெரிய இழப்பு. தந்தியை முறுக்கி, மணியை நகர்த்தி, ஜீவாவைச் சரிசெய்து சட்ஜத்தைத் தேடிக் கண்டடையும் காதுதான் பாடும்போதும் காப்பாற்றும். பாடகர் மேடையில் தம்புரா மீட்ட வேண்டியதில்லை. ஆனால் மீட்டவும் சுருதி சேர்க்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்துஸ்தானி இசையில் பாடகரே சுவரமண்டலை மடியில் வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. படே குலாம் அலிகான் அப்படிப் பாடிய படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கிஷோரி அமோன்கரும் அவ்வாறு பாடியவரே. ராகத்தின் சுரங்களுக்கு ஏற்பத் தந்திகளை முன்னரே கூட்டி வைத்திருப்பதால், இடையிடையே விரலால் வருடினால் போதும். விரல் நுட்பத்தைச் சுவரமண்டல் அதிகம் கேட்பதில்லை. ஆகவே கவனம் இரண்டாகப் பிரிவதில்லை.

வீணை: பாடுபவருக்காகவே அமைந்த கருவி

அடுத்தது பண்ணிசைக் கருவி. இதில்தான் உண்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது.

வீணையின் அமைப்பைக் கவனியுங்கள். இருபத்து நான்கு மெட்டுகள், ஏழு தந்திகள். அவற்றில் நான்கு வாசிப்புக்கு உரியவை. பக்கவாட்டில் இருக்கும் மூன்றும் தாளத் தந்திகள். வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வாசிப்புத் தந்திகளை மீட்ட, சுண்டுவிரல் தாளத் தந்திகளைத் தொடும். சுருதியும் தாளமும் பண்ணும் ஒரே கருவியில் அடங்கிவிடுகின்றன. பாடுபவர் தனியாக அமர்ந்து பாடுவதற்கு இதைவிடப் பொருத்தமான கருவி நம்மிடம் இல்லை. பாடகரின் கை தாளத்துக்கு வேண்டுமே என்று மேலே சொன்ன தடையும் இங்கே பெரும்பகுதி நீங்கிவிடுகிறது.

வீணை தனம்மாள் (1867–1938) இதற்குத் தலைசிறந்த சான்று. வீணையை மீட்டியபடியே மெல்லிய குரலில் பாடுவது அவர் வழக்கம். சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்த இசைக்குப் பெரிய வித்துவான்களே வந்து அமர்ந்திருந்தனர். அங்கே குரலும் வீணையும் ஒன்றையொன்று மூடவில்லை. ஒன்று விட்ட இடத்தை மற்றொன்று நிரப்பியது. அவருடைய பேரன் டி. விஸ்வநாதன் புல்லாங்குழல் கலைஞர். குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு இடையிடையே சாகித்தியத்தைப் பாடுவார். குழல் வாசிக்கும்போது பாட முடியாது என்பதால், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தார். வெறும் சுரமாகக் கேட்ட வரி சொல்லாக வரும்போது கேட்பவருக்குப் பாட்டின் பொருள் விளங்கும்.

எட்டயபுரத்தில் 1835-இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர் வீணை வல்லவர். அவர் கிருதிகளின் நிதானமான நடையிலும் நீண்ட கமகங்களிலும் வீணையின் சாயல் இருப்பதாக இசை அறிந்தோர் சொல்வர். கருவி கையில் இருந்ததால் பாடல் வேறு விதமாகப் பிறந்தது. பாடகருக்குக் கருவிப் பயிற்சி வேண்டும் என்பதற்கு இது வலுவான ஆதாரம்.

அப்படியானால் எல்லாப் பாடகர்களும் வீணையோடு மேடை ஏறலாமே என்று கேட்கலாம். இங்கே மூன்று தடைகள் உள்ளன.

ஒன்று, சுருதி. பெண்கள் பலர் ஐந்து கட்டை அளவிலும் ஆண்கள் பலர் ஒரு கட்டை அளவிலும் பாடுகிறார்கள். வீணைக்கு அதன் உடலும் தந்தியும் இயல்பாக ஏற்கும் சுருதி வேறு. ஏதாவது ஒன்று மற்றொன்றுக்காக விட்டுக்கொடுக்க வேண்டும். பெரும்பாலும் குரல்தான் விட்டுக்கொடுக்கிறது.

இரண்டு, மூச்சும் உடல் நிலையும். வீணைக்காரர் மெட்டைப் பார்க்கத் தலை சாய்க்கிறார். மேல்ஸ்தாயியில் முழுக் குரலில் பாட நிமிர்ந்த உடம்பு வேண்டும். சிறிய அறையில் மெல்லிய குரல் போதும். ஆயிரம் பேர் அமர்ந்த சபாவில் ஒலிபெருக்கி இருந்தாலும் இரண்டின் ஒலி அளவையும் சமன் செய்வது கடினம்.

மூன்று, இதுவே மிக முக்கியமானது: உரையாடல். அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) வடிவமைத்துத் தந்ததாகச் சொல்லப்படும் இன்றைய கச்சேரி முறையின் உயிர், பாடகருக்கும் பக்கவாத்தியத்துக்கும் இடையே நடக்கும் பேச்சில் இருக்கிறது. பாடகர் ஒரு ராகத்தைத் தொட்டுக் காட்டுகிறார். வயலின்காரர் அதைத் தம் வழியில் சொல்லிப் பார்க்கிறார். பாடகர் எதிர்பாராத ஒரு சங்கதி அங்கிருந்து வருகிறது. அவர் முகம் மலர, "சபாஷ்" என்கிறார். அடுத்த சுற்று வேறு திசையில் போகிறது. பாடுபவரே வாசித்தால் கேள்வியும் அவருடையது, பதிலும் அவருடையது. அந்த வியப்புக்கு இடமில்லை.

பெரிய மேடையில் குரலும் கருவியும் ஒருவரிடமே இருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. இரண்டும் ஒரே சுரத்தில் ஒட்டிச் செல்லும்போது குரலின் பிழையைக் கருவி மூடிவிடும். நம் மாணவிக்கு நேர்ந்ததும் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. வீணை இருந்தவரை அவள் சுருதி விலகியது அவளுக்கே தெரியவில்லை. போட்டியில் கருவியை வாங்கியவர்கள் மேல் எனக்கு இருந்த கோபம் இதனால் பாதி குறைந்தது. ஒரு வாரம் முன்னதாகவே விதியைச் சொல்லியிருக்கலாமே என்னும் மீதிக் கோபம் இன்னும் இருக்கிறது.

ஆர்மோனியம்: வசதியும் விலையும்

அகில இந்திய வானொலி 1940-ஆம் ஆண்டு ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. அந்தத் தடை பல ஆண்டுகள் நீடித்தது. கட்டைகளில் சுரங்கள் நிலையாக இருப்பதால் கமகம் பிறக்காது என்பதே முக்கியக் குற்றச்சாட்டு. அது உண்மைதான். ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு மட்டுமே பழகும் பிள்ளைகள் தோடியின் காந்தாரத்தை அசைக்கத் தெரியாமல் நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

ஆனால் நாடக மேடைக்கு இந்தக் குற்றச்சாட்டு முழுதும் பொருந்தாது. நம் தென்மாவட்டத்து இசை நாடகங்களில் ஆர்மோனியக்காரர் வாசித்துக்கொண்டே பின்பாட்டுப் பாடுவார். மேடையில் நிற்கும் நடிகர் களைத்தால் அவர் குரல் கைகொடுக்கும். அங்கே ஆர்மோனியமும் குரலும் சேர்ந்ததுதான் நாடகத்தின் தாங்குகட்டை.

மெல்லிசையிலும் திரையிசையிலும் பாடலை உருவாக்கியவரே கட்டைகளில் கை வைத்துப் பாடும்போது, அந்தப் பாட்டு பிறந்த விதத்தையே நமக்குக் காட்டுகிறார். அங்கே நாம் குரல் வளத்தை மட்டும் கேட்க வரவில்லை. படைத்தவரைக் கேட்க வருகிறோம். இந்த வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

வில்லும் உடுக்கையும்: கருவி இல்லையேல் பாட்டு இல்லை

மூன்றாவது வகை தாளக் கருவி. நாட்டார் மரபில் இந்த விவாதத்துக்கே இடமில்லை. வில்லுப்பாட்டில் புலவர் நடுவில் அமர்ந்து, வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டுகிறார். வில்லில் கட்டிய மணிகள் ஒலிக்கின்றன. குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவற்றை மற்றவர் இசைக்கின்றனர். கதையில் சண்டை வந்தால் கோல் வேகமாக விழும். சாவு வந்தால் கோல் தயங்கும். எழுத்தில் நிறுத்தற்குறிகள் செய்யும் வேலையை இங்கே கோல் செய்கிறது. அதை வேறொருவர் கையில் கொடுத்தால் கதை சொல்பவரின் மூச்சுக்கும் அடிக்கும் இடையே ஒரு நொடி இடைவெளி விழும். அந்த ஒரு நொடியில் கதை தளர்ந்துவிடும்.

2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சுப்பு ஆறுமுகம் (1928–2022) வில்லைச் சென்னைச் சபாக்களுக்கும் வானொலிக்கும் கொண்டு சென்றார். மேடை மாறியது, பேசுபொருள் மாறியது. கோல் மட்டும் பாடுபவர் கையிலேயே இருந்தது. கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையைப் பாடுவோர் உடுக்கையைத் தாமே அடித்துக்கொள்வதும், வங்கத்துப் பவுல் பாடகர்கள் ஒரு கையில் ஏக்தாராவும் மறு கையில் சிறு முழவுமாகப் பாடுவதும் இதே காரணத்தால்தான்.

பணம் பேசும் இடம்

இனி அந்தக் கோயில் விழாக்குழுவின் கேள்விக்கு வருவோம். "நீயே வாசித்துக்கொண்டு பாடிவிடேன்" என்பது கேட்பதற்குப் பாராட்டுப் போல இருக்கும். உண்மையில் அது இரண்டு பேர் வேலையை ஒருவர் ஊதியத்தில் வாங்கும் வழி. வயலின்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் போக வேண்டிய தொகை மிச்சமாகிறது. பாடுபவருக்கு அதில் ஒரு காசும் கூடுவதில்லை.

சிறிய ஊர்களில் பக்கவாத்தியம் வாசித்துப் பிழைப்பவர்களுக்கு ஆண்டில் கிடைக்கும் விழாக்களே கணக்கு. ஒவ்வொரு மேடையிலும் ஒரு நாற்காலி குறைந்தால் அடுத்த தலைமுறையில் மிருதங்கம் கற்க எந்தப் பிள்ளை வரும்? தம்புரா மாணவரை இழந்தது போலவே இவர்களையும் இழப்போம். ஆகவே சிக்கனத்துக்காகப் பாடகரைக் கருவி இசைக்கச் சொல்வதை நான் ஏற்கவில்லை. பணம் இல்லாவிட்டால், "பணம் இல்லை, வீணையும் குரலுமாக ஒரு மணி நேரச் சிறு நிகழ்ச்சி செய்வாயா?" என்று நேர்மையாகக் கேட்கலாம். அது மதிப்பான அழைப்பு.

மதிப்பிட நான்கு கேள்விகள்

கருவியோடு பாடும் ஒருவரைக் கேட்கும்போது மாணவர்கள் கீழ்க்காணும் கேள்விகளை எழுப்பிப் பார்க்கலாம்.

1. கருவியை எடுத்துவிட்டால் பாட்டு குறைபடுமா? வில்லுப்பாட்டில் குறைபடும். பெரும்பாலான கச்சேரிகளில் குறைபடாது.

2. கருவி குரலுக்குத் துணை நிற்கிறதா, குரலின் குறையை மறைக்கிறதா?

3. இடம் எத்தகையது? கானல்வரிக் கடற்கரையா, அரங்கேற்றுகாதை அரங்கா?

4. இது யாருடைய விருப்பம்? பாடுபவரே தேர்ந்ததா, செலவைக் குறைக்க மற்றவர் சுமத்தியதா?

முடிவுரை

பாடகர் ஒவ்வொருவரும் ஒரு கருவியேனும் கற்க வேண்டும். கைவிரலுக்குத் தெரிந்த சுரம் தொண்டைக்கும் தெளிவாகிறது. மங்கலம்பள்ளி பாலமுரளிகிருஷ்ணா (1930–2016) வயோலா, வயலின், மிருதங்கம், கஞ்சிரா ஆகியவற்றில் தேர்ந்தவர். அவர் பாட்டில் லயமும் சுரமும் அவ்வளவு எளிதாக விளையாடியதற்கு அந்தப் பயிற்சியும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். ஆனால் கற்றதை எல்லாம் ஒரே மேடையில் ஒரே நேரத்தில் காட்ட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

கதைப் பாட்டிலும் சொந்தப் படைப்பிலும் சிறிய அவையிலும் பாடுபவர் கையில் கருவி இருக்கட்டும். பக்கவாத்தியத்தோடு நடக்கும் முழுக் கச்சேரியில் அவர் கை தாளம் போடட்டும், பதில் சொல்ல வேறொருவர் பக்கத்தில் இருக்கட்டும். போட்டி நடத்துவோர் கருவியோடு பாடுவோருக்கு எனத் தனிப் பிரிவு ஒன்று வைத்தால், வீணையைக் கீழே வைத்துவிட்டுக் கை நடுங்க நிற்கும் நிலை இன்னொரு பிள்ளைக்கு வராது.

அந்த மாணவி இப்போது இசை கற்பிக்கிறாள். தன்னிடம் வரும் பிள்ளைகளை முதல் ஓராண்டு தம்புராவோடு மட்டும் பாட வைக்கிறாள். வீணை இரண்டாம் ஆண்டில்தான். காரணம் கேட்டேன். "குரல் முதலில் தனியா நிக்கப் பழகணும் சார். அப்புறம் துணை சேத்துக்கலாம்" என்றாள்.